வெறுங்கால்

செருப்புக் காலோடு பிரேக்கை மிதிக்கிறவனெல்லாம் ஒரு டிரைவரா என்பது நல்லேந்திரனின் கட்சி. இதற்காக டிப்போவில் சண்டையே போட்டிருக்கிறான். யூனிஃபாரத்தோடு கொடுத்த கறுப்பு ஷூவை மச்சினனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். சீட்டில் ஏறியதும் செருப்பைக் கழற்றிப் பின்னால் தள்ளி, வெறுங்காலைப் பிரேக்கின் மேல் வைத்து, அந்த ரப்பரில் ஓடுகிற வரிகள் உள்ளங்காலில் படுகிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டியை நகர்த்துவான். கரூர் பஸ் ஸ்டாண்டில் இன்றைக்கும் அதற்குத்தான் குனிந்தான். முன்னேயெல்லாம் ஒரு உதறு உதறினால் போதும். இப்போது பின்பட்டை வைத்த செருப்பு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போடுகிற மாதிரி ஒட்டுப் பட்டை. சாதாரணச் செருப்பு தெருவில் கழன்று கிடக்க, இந்த மனுசன் பாட்டுக்கு நடந்து போய்க்கொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு அவன் வீட்டுக்காரி மருதாம்பாள் வாங்கிக் கொடுத்தது. பட்டையைப் பிய்த்தான், பர்ரென்று சத்தம் வந்தது. செருப்பைப் பின்னால் தள்ளிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலுக்கு வெளியேயிருந்து ஒரு கிழவர் கதவைத் தட்டினார். "தம்பி, இது மாயனூர்ல நிக்குமா?" நிக்கும் பெருசு, ஏறுங்க. "கடைவீதியில நிப்பாட்டுவியா, ரயில் கேட்டுலயா?" அட ஏறுங்கய்யா மொதல்ல. அதற்குள் கண்டக்டர் சவரிமுத்து விசில் ஊதிவிட்டான். நல்லேந்திரன் நிமிர்ந்து காலைப் பிரேக்கில் வைத்தான். தெரிந்தது. வரி வரியாகத் தெரிந்தது. அவனுக்கும் அவன் காலுக்கும் ஒரு பேச்சு இருக்கிறது: வரி தெரிகிற வரைக்கும் ஓட்டலாம், தெரியாத அன்றைக்கு இறங்கிவிடணும், சாமி சத்தியமாக இறங்கிவிடணும். போன வாரம் பூராவும் தெரிகிற மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. இன்றைக்கு அப்படியில்லை. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

வண்டி திருச்சி ரோட்டில் ஏறியது. மதிய வெயில் கண்ணாடி வழியாக மடியில் வந்து விழுந்தது. என்ஜின் பெட்டி மேல் போட்ட சீட்டில் ஒரு பெண் கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை சொக்கா போடாமல், வெள்ளிக் கொலுசு போட்டு, நல்லேந்திரனையே பார்த்துக்கொண்டிருந்தது. தாய்க்காரி சும்மா இருக்காமல் அதன் உள்ளங்காலை நகத்தால் சுரண்டினாள். பிள்ளை விரலையெல்லாம் விரித்துக் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. மறுபடி சுரண்டினாள், மறுபடி இழுத்தது. பார்க்காதே, ரோட்டைப் பாரு. ஆனால் பார்த்தாயிற்றே. திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் அப்படித்தான் ஒரு சாவியை வைத்து அவன் உள்ளங்காலைக் கீழிருந்து மேலாகக் கீறினாள். கால் செத்த மீன் மாதிரி கிடந்தது. கிச்சுக்கிச்சு மூட்டினால் ஊரைக் கூட்டுகிற கால் அது. கல்யாணமான புதுசில் மருதாம்பாள் காலைத் தொட்டாலே கட்டிலை விட்டு எகிறிக் குதிப்பான். எப்போது போனது அது? எந்த நாளில்? ஒரு நாளைக் காட்டு என்றால் காட்ட முடியவில்லை. முதலில் இரண்டு கால் விரல்களிலும் எறும்பு ஊர்ந்தது. தட்டிவிடலாம் என்று பார்த்தால் எறும்பு இல்லை. அப்புறம் மரத்துப்போனது, காலுறை போட்ட மாதிரி கணுக்கால் வரைக்கும் ஏறியது. சர்க்கரையாக இருக்கும் என்றார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை இல்லை என்றதும் அன்றைக்கு இரண்டு ஜாங்கிரி வாங்கித் தின்றான், மடையன். சர்க்கரையாகவே இருந்திருக்கலாம். சர்க்கரை என்றால் வெளியில் சொல்லலாம், டிப்போவில் பாதிப் பேருக்கு அதுதான். இது நரம்பு. நரம்பு என்று வாயைத் திறக்க முடியுமா இந்த ஊரில்? பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சந்துச் சுவர் பூராவும் நரம்புத் தளர்ச்சிக்குத்தான் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறான், இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் வருகிறார், ரகசியம் காக்கப்படும் என்று. நல்லேந்திரனுக்கு நரம்பாம்டா என்று ஒருத்தன் சொன்னால் போதும், டீக்கடை பெஞ்சில் சிரிப்பு அடங்க ஒரு மாசம் ஆகும். ஐம்பது வயசு ஆம்பளை, கல்யாணத்துக்கு நிற்கிற மகனை வைத்துக்கொண்டு, எனக்கு நரம்பு என்று எப்படிச் சொல்வான்? சொல்லவில்லை. முதுகு வலி என்று லீவு போட்டுவிட்டுத் திருச்சிக்குப் போனான்.

டாக்டரம்மா சின்ன வயசு. சுத்தியலால் முட்டியைத் தட்டினாள், கால் எழும்பவில்லை. இரண்டு கிளை வைத்த ஒரு இரும்பைத் தட்டிக் கணுக்கால் எலும்பில் வைத்து, "அதிருதா?" என்றாள். என்ன அதிருகிறது, சில்லென்று கூட இல்லை. அதையே நெற்றியில் வைத்தாள், கண்ணுக்குள்ளே வரைக்கும் கிர்ரென்று போனது. கண்ணை மூடச் சொல்லிக் கட்டை விரலைப் பிடித்து, மேலே தூக்குறேனா கீழே அழுத்துறேனா சொல்லுங்க என்றாள். மேலே. கீழே. கீழே. மேலே. பட்பட்டென்று சொன்னான், பரீட்சையில் காப்பி அடிக்கிற பையன் மாதிரி. அவள் விரலை விட்டுவிட்டு, "இப்ப நான் தொடவே இல்லையே, எதை வெச்சு மேலேன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நீங்க பொய் சொல்லல. கால்லேருந்து சேதி வராட்டி மனசு சும்மா இருக்காது, பழசை வெச்சு அதுவா ஒண்ணு சொல்லிக்கும்." அப்புறம் கரண்டு வைத்துப் பார்த்தார்கள், முதுகுத் தண்டில் தண்ணீர் எடுத்தார்கள், எல்லாம் பார்த்து முடித்து, அவனை உட்காரவைத்துச் சொன்னாள். ஒயருக்கு மேல் பிளாஸ்டிக் சுற்றியிருக்கிற மாதிரி நரம்புக்கும் உறை உண்டு. உடம்பில் கிருமியை அடிக்க ஒரு படை இருக்கிறது. அந்தப் படை, என்ன காரணமோ, நரம்பு உறையைக் கிருமி என்று நினைத்துக்கொண்டு அடிக்கிறது. யார் தப்பு டாக்டர், நான் குடிக்கிறதுகூட இல்லையே? யார் தப்பும் இல்லை. ஒட்டுமா மத்தவங்களுக்கு? ஒட்டாது. மாத்திரை இருக்கு, ட்ரிப் போட்டு ஏத்துற மருந்து இருக்கு, உறை திரும்ப வளரும், மெதுவாத்தான் வளரும், சிலபேருக்கு நல்லாத் தேறிடும், சிலபேருக்கு விட்டு விட்டு வந்துக்கிட்டே இருக்கும். அதுவரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது. பலம் இருக்கு உங்களுக்கு, உணர்ச்சிதான் இல்ல. அதுதான் டிரைவருக்கு ஆபத்து. தலையை ஆட்டினான். நன்றாக ஆட்டினான். வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த மருதாம்பாள் "என்னங்க சொன்னாங்க?" என்று எழுந்தபோது, "பார்த்து ஓட்டச் சொன்னாங்க" என்றான். இரண்டு சொல்தான் மாற்றினான். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் வேறொன்று மண்டையில் ஓடியது. அவன் தெருவில் ஒருதரம் திருடன் பயம் வந்து, வாலிபப் பசங்கள் தடியோடு காவல் இருந்தார்கள். கல்யாண வீட்டுச் சமையலுக்குப் போய்விட்டு முக்காடு போட்டுக்கொண்டு வந்த ராக்கனைப் பிடித்து விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். நான்டா, நான்டா என்று கத்தியிருக்கிறான், வாயில் அடித்த பிறகு அதுவும் இல்லை. விடிந்த பிறகுதான் மூஞ்சியைப் பார்த்தார்கள். ஐயோ நம்ம ராக்கன் என்று அடித்தவனே அழுதான். அங்கேயாவது விடிந்தது. உடம்புக்குள்ளே இருக்கிற படைக்கு எப்போது விடியும்?

மாயனூரில் கிழவர் இறங்கினார், ரயில் கேட்டில்தான் நிறுத்தியிருக்கணும் என்று முனகிக்கொண்டே. நல்லேந்திரன் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தான். வரி இருந்தது. ஒன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, நடுவில் தேய்ந்துபோன இடம் வழவழவென்று. மாத்திரை வேலை செய்கிறது, வேறென்ன? மூஞ்சி பூசணிக்காய் மாதிரி ஊதிப்போய், பார்க்கிறவனெல்லாம் என்னண்ணே சதை போட்டுட்டீங்க என்று கன்னத்தைக் கிள்ளாத குறை; அதற்காவது ஒரு பலன் வேண்டாமா? சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் மருதாம்பாளைக் கூப்பிட்ட விரல் இப்போது தானே போடுகிறதே. கை தேறியது, கால் தேறாதா? மருதாம்பாள் இதை நம்பமாட்டாள். போன வருசம் பூக்குழி இறங்கவில்லை, ஆத்தா காலைப் பிடித்துக்கொண்டாள் என்பது அவள் கணக்கு. அடி போடி இவளே. மூன்று வருசம் இறங்கினான். தணலில் நடந்து அந்தப் பக்கம் ஏறி வந்ததும் சுடலியாடா, சுடலியாடா என்று சுற்றி நின்று கேட்பார்கள். பூ மாதிரி இருந்துச்சு என்பான். சுட்டது. உயிர் போகிற மாதிரி சுட்டது. அப்போது சுட்டதை மறைத்தான், இப்போது சுடாததை மறைக்கிறான், மறைக்கிறதே பிழைப்பாகப் போய்விட்டது. ஒருநாள் அடுப்படியில் மருதாம்பாள் சோறு வடித்த கஞ்சி கொட்டிக் கிடந்தது. அவன் தண்ணீர் குடிக்கப் போனவன், சொம்பை எடுத்து, அண்ணாந்து குடித்துக்கொண்டே நின்றான். "ஐயோ காலு, காலு!" என்று அவள் அலறினாள். குனிந்து பார்த்தான். கொதிகஞ்சிக்குள் நின்றுகொண்டிருந்தது கால், ஆவி பறக்க. பார்த்த பிறகுதான் சுட்டது. அதுதான் விளங்கவில்லை அவனுக்கு. தண்ணீர் குடித்த அத்தனை நேரமும் சுடாதது, பார்த்ததும் எங்கேயிருந்து சுட்டது? கொப்புளத்தில் மருந்து போட்டபடியே அவள் அழுதாள், இவன் சிரித்தான், சிரித்து மழுப்பினான்.

கிருஷ்ணராயபுரம் வருவதற்குள் அது நடந்தது. வாழைத்தோப்புப் பக்கத்துச் சந்திலிருந்து இலைக்கட்டு ஏற்றிய டிவிஎஸ் வண்டி ஒன்று, ரோடு தன் அப்பன் வீட்டுது என்கிற மாதிரி, குறுக்கே வந்தது. நல்லேந்திரன் பிரேக்கை அழுத்தினான். அழுத்தினான் என்றுதான் நினைத்தான். வண்டி போய்க்கொண்டே இருந்தது. இலைக்கட்டின் பச்சை கண்ணாடி முழுக்க வந்துவிட்டது, அதில் வாழைநார் கட்டியிருக்கிற முடிச்சுகூடத் தெரிந்தது, அம்மா தாயே என்று இடுப்பிலிருந்து மொத்த உடம்பையும் காலில் இறக்கினான், வண்டி குலுங்கிக்கொண்டு நின்றது. பம்பருக்கும் இலைக்கும் நடுவே கையை நுழைக்க இடம் இருந்திருக்காது. டிவிஎஸ்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான், பாவி. உள்ளே நின்றவர்கள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து, என்ஜின் பெட்டி மேலிருந்த பெண் ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு, உதடு வெளுத்துப் போயிருந்தாள். பிள்ளை ஒரு கணம் யோசித்துவிட்டுப் பிறகு வீறிட்டது. "யோவ் டிரைவரே, ஆடு மாடா ஏத்திக்கிட்டு வர்றே?" என்று பின்னாலிருந்து ஒரு ஆள் கத்தினார். சவரிமுத்து கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தான். "அண்ணே, ஒடம்புக்கு எதாச்சும் பண்ணுதா?" "ஒண்ணுமில்ல. குறுக்க வந்துட்டான்யா." "வந்தான்தான். ஆனா நீங்க அவனை அந்த மைல்கல்லுகிட்டயே பாத்துட்டீங்களேண்ணே. நான் உங்க மூஞ்சியக் கண்ணாடியில பாத்தேன்." நல்லேந்திரன் கியரைப் போட்டான். சவரிமுத்து பின்னால் போனான். எட்டு வருசமாகக் கூட வருகிறவன். உங்க கால் பிரேக்குல இருக்குற வரைக்கும் நான் நின்னுக்கிட்டே தூங்குவேண்ணே என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன். அவன் மேற்கொண்டு கேட்காமல் போனதுதான் உறுத்தியது.

பார்த்தேனா? பார்த்தேன். மைல்கல்லிலேயே பார்த்தேன். அழுத்தினேனா? அழுத்தினேன். அப்புறம் ஏன் நிற்கவில்லை? பிரேக்கில் காற்று கம்மியாக இருந்திருக்கும், டிப்போவில் சொல்லணும், மெக்கானிக் பயல்கள் சரியாகப் பார்க்கிறதே இல்லை. மீட்டரைப் பார்த்தான். காற்று நிறைய இருந்தது. சரி, கால் கொஞ்சம் சறுக்கியிருக்கும். சறுக்கினால் தெரியாதா? தெரியும், வரிதான் இன்றைக்கு இவ்வளவு நன்றாகத் தெரிகிறதே. அப்புறம் ஏன்? மறுபடி முதலிலிருந்து. மகாதானபுரம் போனது, வெற்றிலைக் கொடிக்கால் போனது, பக்கத்திலேயே ஓடிவந்த ரயில் தண்டவாளம் தள்ளிப்போய்த் திரும்பி வந்தது, அவன் மட்டும் அந்த இலைக்கட்டுக்கு முன்னாலேயே நின்றான். இலைக்குப் பதிலாக யாராவது இருந்திருந்தால்? பள்ளிக்கூடம் விடுகிற நேரமாக இருந்திருந்தால்? இந்தப் பிள்ளை கண்ணாடிமேல் போய் மோதியிருந்தால்? ஐயோ வேண்டாம். சொல்லிவிடலாமா? சொன்னால் வண்டியிலிருந்து இறக்கி டிப்போ வாசலில் உட்காரவைப்பார்கள், வருகிற வண்டிக்கும் போகிற வண்டிக்கும் சங்கிலியைத் தூக்கிவிட்டுக்கொண்டு. போன வருசம் சேர்ந்த பயல், செருப்பும் காலுமாகப் பிரேக்கை மிதிக்கிற பயல், இவன் வண்டியை எடுத்துக்கொண்டு போவான், போகும்போது ஹாரன் அடித்துச் சிரிப்பான். அதுகூடப் பரவாயில்லை. என்ன நோய் என்று கேட்பார்களே. இருபத்தாறு வருசம் ஒரு கோழியைக்கூட ஏற்றாதவன். இந்தக் காலை வைத்துத்தான் அவன் நல்லேந்திரன், இது இல்லையென்றால் மருதாம்பாள் புருசன், மாத்திரை தின்கிறவன், அவ்வளவுதான். இந்த மாசம் மட்டும் ஓட்டிவிடலாம். மாத்திரை வேலை செய்கிறது. வரி தெரிகிறது. லாலாபேட்டையில் ஆள் இறங்கும்போது பார்த்தான், தெரிந்தது. கிளம்பும்போது பார்த்தான், தெரிந்தது. பொய்யா சொல்கிறேன்? பேச்சு என்றால் பேச்சு. கால் பேச்சைக் காப்பாற்றுகிறது, நானும் காப்பாற்றுகிறேன். பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கிப்போயிருந்தது, ஒரு கால் தாய் மடியிலிருந்து வெளியே தொங்கி ஆடிக்கொண்டே வந்தது. மனசில் பாரம் கொஞ்சம் இறங்கியது.

குளித்தலை பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டும் பையும் பறந்து வந்து சீட்டில் விழுந்தன. இறங்குகிறவனை இறங்கவிடாமல் ஏறுகிற கூட்டம். அந்தப் பெண் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "வர்றேங்கண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அவனைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. சவரிமுத்து முன்னால் வந்து, "ஒரு டீ அடிச்சிட்டு வந்துருவோமாண்ணே?" என்றான், எதுவும் நடக்காத மாதிரி. சரி என்று நல்லேந்திரன் செருப்பைப் போட சீட்டுக்குப் பின்னால் கையை விட்டான். ஒரு செருப்பு கையில் வந்தது. இடதுகால் செருப்பு. மறுபடி துழாவினான், துடைக்கிற துணி வந்தது, தண்ணீர் பாட்டில் வந்தது. "சவரி, இன்னொரு செருப்பக் காணோம்யா. அந்தப் பிரேக்குல உருண்டு எங்கயாச்சும் போயிருச்சா பாரு." சவரிமுத்து குனிந்து என்ஜின் பெட்டிக்கு அடியில் பார்த்தான், முதல் சீட்டுக்காரர்களைக் காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தான், படியில் பார்த்தான். நிமிரும்போது அவன் கண் டிரைவர் காலில் விழுந்தது. சிரித்துவிட்டான். "ஏண்ணே, என்னைய வெச்சு வெளையாடுறீங்களா? உங்க கால்லதானே கெடக்கு."

நல்லேந்திரன் பார்த்தான். வலது கால் பிரேக்கின் மேல் இருந்தது. காலில் செருப்பு இருந்தது. காலையில் மருதாம்பாள் குனிந்து ஒட்டிவிட்ட பட்டை ஒட்டினபடியே இருந்தது. விரல் தடிமனுக்கு அடிப்பாகம், அதற்குக் கீழே ரப்பர், அந்த ரப்பரில் வரிகள். ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, நடுவில் வழவழவென்று தேய்ந்த இடம். கரூரிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தானே, அது எது? எங்கே இருந்தது அது? அந்தக் கிழவர் கதவைத் தட்டினார், பட்டை ஒரே ஒருதரம்தான் பர்ரென்றது, இப்போது காதில் கேட்கிறது. நீங்க பொய் சொல்லல என்றாளே டாக்டரம்மா. காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குதிகாலுக்குப் பின்னால் பட்டை இறுக்குவது தெரிய ஆரம்பித்தது. நன்றாக, வலிக்கிற மாதிரி இறுக்கியது. கண்ணை மூடினான். போய்விட்டது. திறந்தான். இறுக்கியது. நல்லேந்திரனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நேரமாச்சு, எடுங்க டிரைவரே!" என்று துண்டு போட்டு இடம் பிடித்தவர் கத்தினார். வண்டி நிறைந்துவிட்டது, கைப்பிள்ளையோடு வேறொருத்தி என்ஜின் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தாள். நல்லேந்திரன் கையை நீட்டி என்ஜினை அணைத்தான். சவரிமுத்துவின் சிரிப்பு போய்விட்டது.

"அண்ணே?"

"டைம் ஆபீஸ்ல போய்ச் சொல்லுய்யா. வேற டிரைவரை அனுப்பச் சொல்லு."

"என்னான்னு கேட்டா என்னாண்ணே சொல்லட்டும்?"

"நரம்புன்னு சொல்லு."

சத்தமாகவே சொன்னான். பின்னால் எவனோ களுக்கென்று சிரித்தது கேட்டது. சிரிக்கட்டும். சவரிமுத்து சிரிக்கவில்லை, நகரவும் இல்லை, நல்லேந்திரனின் காலையும் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த மைல்கல்தான் ஓடியிருக்கும் அவன் மனசில்.

"போறதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் வந்து என் கையைப் புடி" என்றான் நல்லேந்திரன். "படி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல."

சவரிமுத்து வண்டியைச் சுற்றி ஓடிவந்து டிரைவர் கதவைத் திறந்து கையை நீட்டினான். நல்லேந்திரன் அதைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக் காலிலிருந்து எடுக்காமல், அந்தக் காலை மெதுவாக வெளியே வைத்தான்.